எல்லா கிராஃபிக்ஸ் செட்டிங்கையும் குறைத்த பிறகும் விமான சிமுலேட்டர் தரையிறங்கும்போது திக்குவது ஏன்?

கேள்வியில் சொன்ன நிலைமை எனக்கு அத்துப்படி. மேலே 36,000 அடியில் பறக்கும்போது எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். பெரிய விமான நிலையத்தை நெருங்க நெருங்கப் படம் வெட்டி வெட்டி ஓடும். கடுப்பில் படத்தின் அழகுக்கான ஸ்லைடரையெல்லாம் இடது கோடிக்குத் தள்ளினாலும் நொடிக்கு ஓரிரு ஃப்ரேம்தான் (திரையில் வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்) கூடும். கீழே தெரியும் நகரமோ அட்டைப்பெட்டி அடுக்கியது போல ஆகியிருக்கும்.

இதற்கு நான் பார்த்த வைத்தியம் புது கிராஃபிக்ஸ் கார்டு. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, ஏ320 விமானம், லண்டன் ஹீத்ரோ, மழை பெய்யும் மாலை நேரம். இதுதான் என் பரீட்சைக்களம். பழைய கார்டில் 27 எஃப்பிஎஸ் (நொடிக்கு 27 ஃப்ரேம்) வந்துகொண்டிருந்தது. புதியதைச் செருகி, டிரைவர் போட்டு, அதே ஓடுதளத்துக்கு அதே நேரத்தில் வந்தேன். விமானம் 'ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி' என்று உயரத்தை எண்ணத் தொடங்கியது. மூக்கை லேசாகத் தூக்க வேண்டிய அந்த முப்பதில் படம் அப்படியே நின்றது. மறுபடி அசைந்தபோது சக்கரம் தரையை அறைந்து முடித்திருந்தது. கவுன்டரில் 29. அவ்வளவு செலவுக்கும் இரண்டே ஃப்ரேம்!

தப்பு கார்டில் இல்லை, என் கணிப்பில்தான். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். விமானம் எங்கே இருக்கிறது, காற்று எப்படி அடிக்கிறது, காக்பிட் திரையில் என்ன எண் வர வேண்டும், எந்தக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும் என்பதையெல்லாம் கணினியின் முக்கிய ப்ராசஸரான சிபியு முடிவு செய்து சொல்கிறது. அதைக் கேட்டு கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் ஜிபியு வரைகிறது. சொல்பவர் இழுத்து இழுத்துச் சொன்னால், எழுதுபவர் எவ்வளவு வேகக்காரராக இருந்து என்ன பயன்? விமான சிமுலேட்டரில், அதுவும் தரைக்குப் பக்கத்தில், பெரும்பாலும் தடுமாறுவது சொல்பவர்தான்.

எனவே எந்த ஸ்லைடரையும் தொடுவதற்கு முன், யார் தாமதம் செய்கிறார் என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை ஆன் செய்தால், மேலே வரும் மெனுவில் எஃப்பிஎஸ் காட்டும் வசதி இருக்கிறது. 'லிமிடட் பை மெயின்த்ரெட்' என்று வந்தால் சிபியு, 'லிமிடட் பை ஜிபியு' என்று வந்தால் கார்டு. எனக்கு அன்று ஒரு ஃப்ரேமுக்கு மெயின்த்ரெட் 34 மில்லிசெகண்டும் ஜிபியு 15 மில்லிசெகண்டும் காட்டியது. பாதி நேரம் புது கார்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எக்ஸ்-ப்ளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரை வைத்திருப்பவர்கள் டேட்டா அவுட்புட் பக்கத்தில் ஃப்ரேம் ரேட் வரியைத் திரையில் வரவைத்தால், சிபியு நேரமும் ஜிபியு நேரமும் தனித்தனியாகத் தெரியும்.

கவுன்டர் எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. ஓடுதளத்தில் நிற்கும்போது ரெசல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் ஜிபியு பிரச்சினை. அசையவே இல்லையென்றால் சிபியு. டாஸ்க் மேனேஜரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'சிபியு 20 சதவீதம்தானே ஓடுகிறது' என்று நானும் நினைத்தவன்தான். 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள ப்ராசஸரில் ஒரே ஒரு த்ரெட் முழுமூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் அது சுமார் 6 சதவீதம்தான். சிமுலேட்டரின் முக்கிய வேலை அந்த ஒற்றை த்ரெட்டில்தான் நெரிசல்படுகிறது.

சரி, சிபியுதான் என்று தெரிந்தால் எதைக் குறைப்பது? முதலில் டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெயில். உங்களைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை நிலத்தையும் கட்டடங்களையும் நுணுக்கமாகக் காட்ட வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. 100ஐ 200 ஆக்கும்போது தூரம் இரட்டிப்பாகிறது என்று வையுங்கள், பரப்பளவு நான்கு மடங்காகிவிடும். நகரத்துக்கு நடுவே இருக்கும் விமான நிலையத்தில் அந்தப் பரப்பு முழுக்கக் கட்டடம். இதை 200லிருந்து 100க்கு இறக்கியது ஒன்றே எனக்கு அந்த மொத்தச் செலவையும்விட அதிகம் தந்தது. உயரத்தில் பறக்கும்போது மட்டும் தூரத்து மலைகள் கொஞ்சம் மொழுக்கென்று தெரியும். உயரத்துக்கு ஏற்ப இந்த எண்ணைத் தானாகவே மாற்றித் தரும் சின்னச் சின்ன மென்பொருள்களும் உண்டு. நான் சோம்பேறி, ஒரே எண்ணில் விட்டுவிட்டேன்.

அடுத்து ட்ராஃபிக். நிலையத்தில் நிற்கும் விமானங்கள், ஓடும் வண்டிகள், வானத்தில் பறக்கும் மற்ற விமானங்கள் என எல்லாமே சிபியு கணக்கில்தான் வருகின்றன. வண்டிகளைப் பெருமளவு குறைத்தேன். இறங்கும்போது யார் அதைப் பார்க்கிறார்கள்? அப்புறம் காக்பிட் திரைகள் எத்தனை தடவை புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற செட்டிங். ஏ320 போன்ற விமானத்தில் ஆறு திரைகள் இருப்பதால் இதன் சுமை சிறியதல்ல. மீடியத்தில் வைத்தால் விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம் லேசாகத் தயங்கும், பழகிவிடும். லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் ஃபோட்டோகிராமெட்ரியை (நிஜப் புகைப்படங்களிலிருந்து உருவாக்கிய கட்டடங்களை) அணைத்துப் பார்ப்பதும் பலன் தரும். இணையத்திலிருந்து இறங்க வேண்டிய சுமையும் கூடவே குறையும்.

இனி, பலரும் நம்பாத விஷயம். சிபியுதான் தடை என்றால், கடுப்பில் நீங்கள் குறைத்த ஜிபியு செட்டிங்குகளை எல்லாம் மறுபடி ஏற்றலாம். நான் மேகத்தை லோவிலிருந்து அல்ட்ராவுக்குக் கொண்டுபோனேன். எஃப்பிஎஸ் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. சும்மா இருந்த ஜிபியுவுக்கு வேலை கிடைத்தது, அவ்வளவுதான். அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் 16எக்ஸ் எப்போதும் இருக்கட்டும். அதற்கு ஆகும் செலவு அற்பம், ஆனால் சாய்வாகப் பார்க்கும்போது ஓடுதளத்தின் வெள்ளைக் கோடுகள் தெளிவாகத் தெரியும்.

ஜிபியுதான் தடை என்றால் கதை எளிது. மேகம், நிழல், பிரதிபலிப்பு, ரெண்டர் ஸ்கேல் (திரையின் ரெசல்யூஷனில் எத்தனை சதவீதத்தில் வரைவது என்ற எண்) என்ற வரிசையில் குறையுங்கள். 4கே திரை என்பது 1080பியைப் போல நான்கு மடங்கு பிக்சல். ரெண்டர் ஸ்கேலை 70க்கு இறக்கினால் வரைய வேண்டிய பிக்சல் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் இதையே கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறது. ஆனால் காக்பிட் திரையில் எண்கள் உருளும்போது பின்னால் ஒரு நிழல் இழுபடும். உயரத்தைக் காட்டும் பட்டையில் அது நன்றாகவே தெரியும். வெளியே பார்த்தே ஓட்டும் சின்ன விமானத்துக்கு அது பரவாயில்லை. கருவிகளை நம்பி இறங்குபவருக்கு எரிச்சல்.

விரேம், அதாவது கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம், பற்றாமல் போவது இந்த இரண்டிலும் சேராத தனி ரகம். முதல் அரை மணி நேரம் எல்லாம் சரியாக இருக்கும், பிறகு தலையைத் திருப்பிய மாத்திரத்தில் எஃப்பிஎஸ் ஒற்றை இலக்கத்துக்கு விழும். கார்டின் நினைவகம் நிரம்பி, மிச்சம் சாதாரண ரேமுக்கு வழிந்துவிட்டது என்று அர்த்தம். டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் போர்த்தப்படும் படம்) ரெசல்யூஷனை ஒரு படி குறையுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு பாதி வேலை பாக்கி: எஃப்பிஎஸ்ஸை ஒரே எண்ணில் பூட்டுவது. 45க்கும் 25க்கும் நடுவே ஊசலாடும் படத்தைவிட, அசையாத 30 கண்ணுக்கு இதம். 30 எஃப்பிஎஸ் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் 33.3 மில்லிசெகண்ட் இடைவெளியில் வருகிறது. 60 ஹெர்ட்ஸ் திரை அதைச் சரியாக இரண்டிரண்டு முறை காட்டிவிடும். 40 வந்தால் ஒரு ஃப்ரேமை ஒரு முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்ட நேரும். எண் அதிகம், ஆனால் கண்ணுக்குத் துடிப்பு தெரியும். ஃப்ரேம் வரும் வேகத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் திரை இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் தளரும். தலையசைவைப் பின்தொடரும் கருவியோ விஆர் கண்ணாடியோ வைத்திருந்தால் 30 போதவே போதாது. மற்றபடி பயணிகள் விமானத்தில் மெதுவாகத் திரும்புகிறவர்களுக்கு 30 தாராளம். ஆனால் எக்ஸ்-ப்ளேனில் 20க்குக் கீழே மட்டும் விடாதீர்கள். பறத்தல் கணக்கு பிசகாமல் இருக்க அது சிமுலேட்டரின் கடிகாரத்தையே மெதுவாக்கிவிடும், பத்து நிமிடப் பயணம் பன்னிரண்டு நிமிடம் இழுக்கும்.

ஃப்ரேம் ஜெனரேஷன் பற்றிக் கேட்பீர்கள். அது இரண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவே ஒன்றைக் கற்பனை செய்து செருகுகிறது. நிஜம் 30 சீராக இருந்தால் படம் 60 போல அழகாக ஓடும். நிஜமே திக்கினால் திக்கலும் அப்படியே வரும். ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் பதில் கிடைப்பது அந்த நிஜ ஃப்ரேமின் வேகத்தில்தான். மருந்தாக எடுக்காதீர்கள், மேல்பூச்சாக எடுங்கள்.

சோதிக்கும்போது நான் முதலில் செய்த முட்டாள்தனம், அந்த நேரத்து நிஜ வானிலையைக் கொண்டுவரும் லைவ் வெதரை ஆன் செய்துகொண்டு ஒப்பிட்டது. ஒரு முறை தெளிந்த வானம், மறுமுறை மேகமூட்டம். எதோடு எதை ஒப்பிடுவது? நேரத்தையும் வானிலையையும் நிலையாக வைத்து, ஓடுதளத்துக்குப் பத்து மைல் முன்னால் விமானத்தை நிறுத்தி ஒரு ஃப்ளைட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினிக்கு மிகக் கஷ்டமான இடமாக அது இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி, இரண்டு நிமிடம் எல்லாம் ஏறி முடியக் காத்திருந்து, எண்ணைக் குறித்துவையுங்கள். கட்டாந்தரைக்கு மேல் வெயிலில் பறந்து செட்டிங் பண்ணினால், இறங்கும் இடத்தில் அது கைவிட்டுவிடும்.

இப்போது அதே ஹீத்ரோ, அதே மழை. டெரெய்ன் 100, மேகம் அல்ட்ரா, பூட்டிய 30. விமானம் முப்பது என்று எண்ணும்போது மூக்கு நான் தூக்கியபடி தூக்குகிறது. சுமார் 2,000 அடியில் நிலையத்தின் கட்டடங்கள் நினைவகத்தில் ஏறும்போது மட்டும் இன்னமும் ஒரே ஒரு முறை லேசாகத் தடுக்கும். அதை விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் நான் சக்கரத்தை இறக்கிக்கொண்டிருப்பேன்.