மாத்திரை ஆரம்பித்ததும் படபடப்பு கூடுகிறதா?

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையை ஆரம்பித்து நாலே நாளில் படபடப்பு கூடிவிட்டது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

இந்த மருந்து முதல் ஒன்றிரண்டு வாரம் சிலருக்குப் பதற்றத்தை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். குமட்டல், தூக்கம் கெடுவது, கை நடுக்கம்கூட வரலாம். பீதித் தாக்குதல் உள்ளவர்களுக்கு 5 மி.கி.யில் தொடங்கி அப்புறம் 10க்கு ஏற்றுவது அதனால்தான். உங்களுக்கு எடுத்தவுடன் 10 எழுதியிருந்தால், குறைத்துத் தொடங்கலாமா என்று கேளுங்கள். ராத்திரிக்குப் பதில் காலையில் போடலாமா என்றும் கேளுங்கள். சரியான பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

கூடக் கொடுத்த குளோனாசெபாம் சீக்கிரம் அமைதி தரும், ஆனால் பழக்கமாகிவிடும். டாக்டர் சொன்ன நாட்களுக்கு மேல் நீட்டாதீர்கள். அதோடு மது கூடவே கூடாது.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் நேரம் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் கிடைக்காவிட்டால் 14416க்கு போன் போடுங்கள். அது அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், ‘பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை’ என்று அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த தடவை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் நம்புவார்.