டூத்பேஸ்ட் தேய்த்தால் மங்கிப்போன கார் ஹெட்லைட் சரியாகுமா?

கொஞ்சம் தெளியும், ஆனால் நிலைக்காது. வீட்டிலேயே இதைவிட நல்ல வழி இருக்கிறது. என் காருக்கு நானே செய்திருக்கிறேன். அரை நாள் பொறுமை இருந்தால் போதும்.

இப்போதைய கார்களில் ஹெட்லைட்டின் முன்மூடி கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் தெறித்தால் சுலபமாக உடையாது, ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதனால் தயாரிக்கும்போதே மேலே ஒரு காப்புப் பூச்சு கொடுத்துவிடுகிறார்கள். வருடக்கணக்கில் வெயில் பட்டு அந்தப் பூச்சு மஞ்சளாகி, வெடித்து, உரிய ஆரம்பிக்கும். டூத்பேஸ்ட்டில் உள்ள பொடி அதன் மேல்பக்கத்தை மட்டும் கொஞ்சம் தேய்த்துவிடும். புதிய காப்பு எதுவும் வராததால் சீக்கிரமே பழைய நிலைதான். கொசுவிரட்டி ஸ்பிரே அடிக்கச் சொல்லும் வீடியோக்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். அதிலுள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். அப்போதைக்குப் பளபளக்கும், அப்புறம் இன்னும் மோசமாகும். தின்னர், அசிட்டோன் பக்கமும் போகக் கூடாது.

தொடங்கும் முன் விளக்கின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்திருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால் கோளாறு வெளிப்புறத்தில்தான், தேய்த்தால் சரியாகும். உள்ளே நீர் கோத்திருந்தாலோ, பிளாஸ்டிக்கிலேயே ஆழமாக விரிசல் விழுந்திருந்தாலோ தேய்ப்பதில் பயனில்லை.

விளக்கைச் சோப்பு நீரில் கழுவி, சுற்றியுள்ள பெயிண்ட்டை மாஸ்கிங் டேப்பால் இரண்டு அடுக்காக மூடுங்கள். பிறகு வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும். 800 எண்ணில் தொடங்கலாம். பூச்சு ரொம்பக் கெட்டியாக இருந்தால் 600. தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்கும்போது முதலில் மஞ்சள் கலந்த பால் போல வடியும். அந்த மஞ்சள் நின்று வெறும் வெள்ளையாக வரும்வரை விடக் கூடாது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பழைய பூச்சு திட்டுத் திட்டாக மிச்சமிருந்தால் கடைசிவரை அது கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும். துடைத்துக் காயவிட்டுப் பார்த்தால் முழுப் பரப்பும் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், விளக்கே போய்விட்டதோ என்று தோன்றும். போகவில்லை. அடுத்து 1000, பிறகு 2000. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்கே தெரியும்.

இதற்குப் பிறகு பலரும் பாலிஷ் போட்டு, பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷமாக முடித்துவிடுகிறார்கள். பழைய காப்பை நாமே முழுவதும் எடுத்துவிட்டோம், இப்போது பிளாஸ்டிக் வெறுமனே வெயிலில் நிற்கிறது. சில மாதங்களில் மறுபடி மங்கும். வேலையின் உயிரே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் புதுப் பூச்சில்தான் இருக்கிறது. சுலபமான வழி, துணியில் தொட்டுத் தடவும் ஹெட்லைட் கோட்டிங். அதற்கு 3000 வரை தேய்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரேயாக வரும் இரண்டு பாகக் கிளியர் கோட், அதாவது கெட்டியாக்கும் திரவம் கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சு, இன்னும் அதிகக் காலம் உழைக்கும். அதற்கு முன் பாலிஷ் போடாதீர்கள், பூச்சு பிடிக்காது. 2000-இன் மெல்லிய கீறல்களை அதுவே நிரப்பித் தெளிவாக்கிவிடும். ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். துணி மாஸ்க் போதாது. அதற்குரிய சுவாசக் கவசம் இல்லையென்றால் தடவும் வகையையே எடுங்கள்.

எதுவானாலும், பூசும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், அதன்பின் விரல் படக் கூடாது. தூசி, காற்று இல்லாத நிழலில் பூசி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிடுங்கள். அதுவரை மழையிலோ பனியிலோ வண்டியை நிறுத்தாதீர்கள்.