உட்கார்ந்தால் மட்டும் அடியில் எரிகிறது, மூலமும் இல்லை என்கிறார்கள். ராமநாதபுரம் பக்கம் எந்த டாக்டரைப் பார்ப்பது?

பத்து நிமிடம் உட்கார முடியவில்லை, யூரின் டெஸ்ட் சரி, ஸ்கேன் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சு அசல் என் கதை, அதனால் கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

நான் மண்டபத்துக்காரன், பதினான்கு வருடம் மீன் லோடு வண்டி ஓட்டினேன். ராத்திரி ஐஸ் போட்டு பெட்டி ஏற்றினால் விடிவதற்குள் மதுரை. வலி விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், இடது பக்கம் மட்டும். கிளம்பும்போது லேசாகக் குத்தும், பரமக்குடி தாண்டுவதற்குள் தணல் மேல் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும், வண்டியை ஓரம் கட்டி இறங்கி நின்றால் குறையும். படுத்தால் வலி சுத்தமாக இருக்காது. வீட்டில் சொல்லவே நாலு மாதம் ஆனது. கூட வந்த லோடுமேன் "சூடு மச்சான், இளநீர் குடி" என்றான், அதையும் குடித்தேன்.

அப்புறம் மூலத்துக்குப் பார்ப்பவர் களிம்பு கொடுத்தார். யூரோ டாக்டர் ஒருவர் புராஸ்டேட் வீக்கம் என்று ஆறு வாரம் ஆண்டிபயாடிக் கொடுத்தார், கல்ச்சரில் கிருமியே வளரவில்லை, ஆனாலும் கொடுத்தார், அது எனக்கு இன்னும் ஆறவில்லை. எலும்பு டாக்டர் முதுகுக்கு எம்ஆர்ஐ எழுதினார், நார்மல். ஒருவர் மனசுதான் காரணம் என்றார். ஒன்றரை வருடம் இப்படியே போனது.

கண்டுபிடித்தது நான் போய்ப் பார்த்த டாக்டரே இல்லை. மகனுக்குக் கை முறிந்து பிளேட் வைக்கும்போது மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கையெழுத்து வாங்க வந்தார். "உட்காருங்க தம்பி, ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்றார். சொன்னேன். உடனே அவர் கேட்டது, "கக்கூஸ்ல உட்காரும்போது வலிக்குதா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யோசித்தால், வெஸ்டர்ன் டாய்லெட் சீட்டில் மட்டும் வலித்ததே இல்லை. "அதுல நடுவுல ஓட்டை இருக்கு, அந்த இடம் அழுந்தாது. இது புடண்டல் நரம்பா இருக்கலாம், அடிப்பகுதிக்கு உணர்வு கொடுக்குற நரம்பு" என்று ஒரு சீட்டில் எழுதி, மதுரையில் பெயின் கிளினிக் நடத்தும் தன் நண்பரிடம் அனுப்பினார்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். இந்த நோய்க்கென்று போர்டு மாட்டிய டாக்டர் நம் பக்கம் கிடைக்க மாட்டார், நீங்கள் தேட வேண்டியது பெயின் கிளினிக். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் மயக்கவியல் படித்தவர்கள், அதனால்தான் நமக்குத் தோன்றுவதே இல்லை. போன் செய்யும்போது "வலிக்குப் பார்ப்பீங்களா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "புடண்டல் நரம்புக்கு ஸ்கேன் பார்த்து பிளாக் போடுவீங்களா" என்று கேளுங்கள், பிளாக் என்றால் நரம்பை மரக்க வைக்கும் ஊசி. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மயக்கவியல் துறையில் விசாரிக்கலாம், இல்லையென்றால் புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சிஎம்சி. யூரின், சுகர், வயிற்று ஸ்கேன் எல்லாம் ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலேயே முடித்துவிட்டுப் போங்கள். பெண்கள் என்றால் மகப்பேறு டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிட வேண்டும், பிரசவத்தில் இதே நரம்பு இழுபடுவது உண்டு, கர்ப்பப்பை சம்பந்தமான வேறு காரணங்களும் இருக்கலாம்.

அங்கே என்ன செய்வார்கள்? கையுறை போட்டு, ஆசனவாய் வழியாக விரல் விட்டு, உள்ளே ஒரு எலும்பு முனை பக்கம் அழுத்தினார், அப்படியே அந்த வலி, கத்திவிட்டேன். முதுகு எம்ஆர்ஐ போதாது என்று இடுப்புக்கூட்டுக்குத் தனியாக எடுக்கச் சொன்னார், கட்டி ஏதும் அழுத்துகிறதா என்று பார்க்க. அப்புறம் பிளாக். பிட்டத்தில் நீள ஊசி, நரம்புப் பக்கம் மரத்துப்போகும் மருந்து. முடிந்ததும் "போய் உங்களுக்கு வலிக்கிற மாதிரியே உட்காருங்க, எத்தனை மணிக்கு வலி வருதுன்னு எழுதுங்க" என்றார். வராண்டா சிமெண்ட் பெஞ்சில் டீயோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன், எரிச்சல் இல்லை, பக்கத்தில் இருந்த என் மனைவி அழுதுவிட்டாள். ராத்திரி மருந்து இறங்கியதும் வலி திரும்பியது. அதைப் பார்த்து ஊசி பலிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சில மணி நேரம் வலி போனதுதான் சோதனையே. இந்த நோய்க்கு 2008-ல் பிரான்சின் நாண்ட் நகரத்தின் பெயரில் ஐந்து அடையாளங்கள் வெளியிட்டார்கள்: அந்த நரம்பின் பகுதியில் வலி, உட்கார்ந்தால் கூடுவது, தூக்கத்திலிருந்து எழுப்பாதது, தொட்டால் மரத்திருக்காதது, பிளாக் போட்டால் அடங்குவது.

எனக்கு அமிட்ரிப்டிலின், ப்ரீகாபலின் இரண்டும் கொடுத்தார்கள். முதலாவதை மருந்துக்கடைத் தம்பி "மன அழுத்தத்துக்குண்ணே" என்றதும் பயந்தேன், நரம்பு வலிக்கும் அதையே கொடுக்கிறார்கள். இரண்டாவது தலை சுற்ற வைக்கும், தூக்கம் வரும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பிசியோவிடம் போனால் கேகல் பயிற்சி என்று இடுப்பின் அடித்தசையை இறுக்கச் சொல்கிறார்களா என்று பாருங்கள், என்னைப் போல அந்தத் தசை ஏற்கெனவே இறுகியவர்களுக்கு அது வலியைக் கூட்டும், தளர்த்தத்தான் கற்றுத்தர வேண்டும். ஆபரேஷனும் இருக்கிறது, ஆனால் அது கடைசியில் பேச வேண்டியது.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாதது: உட்காருமிடம் முழுக்க மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தானாகப் போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவு.

இப்போது மூன்று பிளாக் முடிந்து, தூர வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு மீன் ஏலக்கடையில் நின்றுகொண்டு கணக்கு எழுதுகிறேன். முக்கால்வாசி குறைந்திருக்கிறது. உட்கார, கெட்டி ஃபோமில் நடுவே அரை அடி வாய்க்கால் வெட்டி முன்பக்கம் திறந்து விட்டிருக்கிறேன், மீன் பெட்டி அறுக்கும் கத்தியாலேயே வெட்டினேன், எடை இரண்டு பக்க எலும்பில் நிற்கும். கடையில் விற்கும் வட்ட ரிங் எனக்கு ஒத்துவரவில்லை.

மதுரைக்கு பஸ்ஸில் போகாதீர்கள். ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஏறுங்கள், மதுரை வரை எழுந்து நின்று, நடந்து, வேண்டுமானால் ஒருக்களித்துப் படுத்தே போய்விடலாம்.