‘கெதார்’ பிடிபட மாட்டேன் என்கிறதே!

கேள்வி: ஸ்பானிஷில் ஏ2 நிலை, அதாவது தொடக்கநிலையின் இரண்டாம் படி, முடித்துவிட்டேன். ‘கெதார்’ என்ற வினை மட்டும் பிடிபடவே மாட்டேன் என்கிறது. மீந்திரு, தங்கு, சந்திக்க ஏற்பாடு செய், அமைந்திரு, பொருந்து என்று அகராதி அடுக்கிக்கொண்டே போகிறது. இத்தனையையும் எப்படி மனப்பாடம் செய்வது?
– வாசகி, கோவை

பதில்: மனப்பாடம் செய்யாதீர்கள். அகராதியை மூடிவைத்துவிட்டு, அந்த வினையோடு என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று மட்டும் பாருங்கள். பொருள் அங்கேதான் தீர்மானமாகிறது.

முதலில் ‘மே கேதா’. இந்த ‘மே’ நம்முடைய ‘எனக்கு’. ‘மே கேதன் தோஸ் எக்ஸாமெனெஸ்’ என்றால் எனக்கு இன்னும் இரண்டு தேர்வு பாக்கி இருக்கிறது. சட்டையைப் போட்டுப் பார்த்து ‘மே கேதா கிராந்தே’ என்றால் எனக்குப் பெரிதாக இருக்கிறது. மெக்சிகோவில் சாப்பிட்டு முடித்ததும் சமைத்தவரிடம் ‘தே கெதோ ரிக்கீசிமோ’ என்பார்கள். உனக்கு ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று நாம் சொல்வதேதான். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இந்த அமைப்பு பெரிய புதிர். பாக்கி இருப்பது தேர்வு, அதனால் வினையும் தேர்வைப் பார்த்துப் பன்மையாகிறது என்பதை அவர்களுக்கு வகுப்பு வகுப்பாக விளக்க வேண்டியிருக்கிறது. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குப் பிடிக்கும்’ என்று பேசி வளர்ந்த உங்களுக்கு இதில் என்ன கஷ்டம்? தமிழில் யோசித்துவிட்டு நேராக ஸ்பானிஷுக்குப் போங்கள். நடுவில் ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை.

அடுத்து ‘மே கேதோ’. கடைசி எழுத்துதான் மாறியிருக்கிறது. ஆனால் இப்போது செய்பவர் நானே. ‘மே கேதோ என் காசா’: நான் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். 2020 மார்ச் 14 அன்று ஸ்பெயினில் கொரோனாவுக்காக அவசரநிலை அறிவித்தபோது, திரும்பிய பக்கமெல்லாம் ‘கேதத்தே என் காசா’, வீட்டிலேயே இரு, என்ற வாசகம்தான். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த இரவு ஊரடங்கின் பெயரிலும் இந்தச் சொல் உண்டு: ‘தோக்கே தே கேதா’.

இதே ‘மே’ வடிவத்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த வினையின் உயிரே அதுதான். ‘மே கெதே தோர்மிதோ’ என்றால் தூங்கிப்போனேன். ‘மே கெதே எலாதோ’, உறைந்துபோனேன். செய்தி கேட்டு அதிர்ந்தாலும் சொல்லலாம், குளிரில் விறைத்தாலும் சொல்லலாம். தேர்வறையில் படித்தது எல்லாம் மறந்துபோனால் ‘மே கெதே என் பிளாங்கோ’. கணவரை இழந்தவளை ‘சே கெதோ வியூதா’ என்பார்கள். நாம் வினையோடு ‘போ’ சேர்த்து அசந்துபோனேன், வாயடைத்துப்போனேன் என்கிறோமே, அந்த இடங்களில் பெரும்பாலும் இது கச்சிதமாக உட்காரும். ஒன்று நடந்து முடிகிறது, அதன் பிறகு ஆள் அந்த நிலையிலேயே நிற்கிறார் என்ற உணர்வு இரண்டிலும் உண்டு. ஆனால் எல்லா ‘போ’வுக்கும் இதைப் போட்டுவிடாதீர்கள். பால் கெட்டுப்போனதற்கு வேறு வினை.

மூன்றாவது ‘கோன்’ சேர்ந்து வருவது. ‘கோன்’ என்றால் நம்முடைய ‘உடன்’. இங்கே நிதானம் தேவை. ‘மே’ இல்லாமல் ‘கெதார் கோன்’ என்றால் ஒருவரைச் சந்திக்க ஏற்பாடு செய்வது. மாட்ரிட்டில் பலர் சந்திக்கக் குறிக்கும் இடம் புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்தின் கரடிச் சிலை. யாராவது கூப்பிட்டு நம்மால் போக முடியாவிட்டால் ‘எ கெதாதோ’ என்று மட்டும் சொன்னால் போதும். வேறு ஒருவரைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டேன் என்று புரிந்துகொள்வார்கள், மேலே கேட்கவும் மாட்டார்கள். ‘மே’ போட்டுவிட்டால் கதையே வேறு. கடையில் ‘மே கேதோ கோன் எஸ்தே’ என்றால் இதையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்பெயினில் பொருளுக்குப் பதில் ஆள் வந்தால் கலாய்ப்பது: ‘தே எஸ்தாஸ் கெதாந்தோ கொன்மீகோ?’, என்னையே ஓட்டுகிறாயா?

இடம் கேட்பது எளிது. ‘தோந்தே கேதா லா எஸ்தாசியோன்?’, ரயில் நிலையம் எங்கே இருக்கிறது? லத்தீன் அமெரிக்காவில் அதிகம் கேட்கும். ஊர், கட்டடம், தெரு போல நகராதவற்றுக்கு மட்டும்தான் இது. தொலைந்த சாவியைத் தேடும்போது, ‘இருக்கிறது’ என்பதற்கான வேறு வினையைப் போட்டு ‘எஸ்தா’ என்றே கேளுங்கள்.

இந்த வாரம் ‘மே கேதா’வில் ஐந்து வாக்கியம், ‘மே கேதோ’வில் ஐந்து வாக்கியம் உங்கள் வாழ்க்கையிலிருந்தே எழுதிப் பாருங்கள். ‘கோன்’ அடுத்த வாரம்.

கேள்வி: இதை ‘க்வெதார்’ என்று உச்சரிக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடாது. எழுத்தில் கியூவுக்குப் பின் யூ இருந்தாலும் அது ஒலிக்காது, வெறும் ‘கெ’தான். நடுவில் வரும் டி எழுத்தை ‘ட’ ஆக்காதீர்கள். ‘அது’ என்று சொல்லும்போது உங்கள் நாக்கு பல்லை மெல்லத் தொடுகிறதே, அதே ஒலிதான் வேண்டும்.