0.08க்குக் கீழே இருந்தால் தப்பில்லையா?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் ஆடும் 20 வயதுப் பையன் குடித்துவிட்டு கார் ஓட்டிப் பிடிபட்டான் என்று காம்பஸ் முழுக்கப் பேச்சு. ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம்தான் இருந்ததாம். அமெரிக்காவில் வரம்பு 0.08 என்கிறார்களே, அப்படியென்றால் வழக்கு நிற்காதா? மாநிலத்துக்கு மாநிலம் மாறுமா?

மாறும். ஆனால் 0.08 என்பது 21 வயது நிரம்பியவர்களுக்கு. அந்தப் பையனுக்கு 20 என்றால் அந்த எண்ணுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. 21க்குக் கீழே உள்ளவர்களுக்கு எல்லா மாநிலங்களிலும் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். நான் இருக்கும் ஓஹாயோவில் 0.02. டெக்சஸில் உடம்பில் கொஞ்சம் இருப்பது தெரிந்தாலே போதும். ஆக, 0.05 என்பது உண்மையாக இருந்தால் 'வரம்புக்குள்தானே' என்று சொல்லும் உங்கள் நண்பர்கள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

பெரியவர்களுக்கு யூட்டாவில் மட்டும் 2018 டிசம்பர் கடைசியிலிருந்து 0.05. மற்ற இடங்களில் 0.08. முன்பு பல மாநிலங்களில் 0.10 இருந்தது. இறங்கி வராவிட்டால் நெடுஞ்சாலை நிதியைக் குறைப்போம் என்று 2000இல் மத்திய அரசு சட்டம் போட்ட பிறகு, 2004க்குள் எல்லா மாநிலங்களும் 0.08க்குச் சட்டம் போட்டுவிட்டன. அதற்குக் கீழே இருந்தாலும், போதையால் ஓட்டுவதில் தடுமாற்றம் இருந்தது என்று காட்ட முடிந்தால் வழக்கு உண்டு. குற்றத்தின் பெயரும் ஊருக்கு ஊர் வேறு: டெக்சஸில் டி.டபிள்யூ.ஐ., ஜார்ஜியாவில் டி.யு.ஐ., எங்களிடம் ஓ.வி.ஐ.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தம்பியால்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு அவன் இதே மாநிலத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தான். வயது 24. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பொங்கல் விழா முடிந்து நண்பன் வீட்டில் பீர் குடித்திருக்கிறார்கள். வெளியே வந்து காரில் உட்கார்ந்தவனுக்கு இந்த நிலையில் ஓட்டக் கூடாது என்று தோன்றியிருக்கிறது. குளிர் தாங்காமல் எஞ்சினைப் போட்டு, ஹீட்டரை வைத்து, சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். போலீஸ் வந்து கண்ணாடியைத் தட்டியபோதுதான் எழுந்தான். கோட்டில் நடக்கச் சொன்னார்கள், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். ஸ்டேஷனில் ஊதியபோது 0.09. ஓஹாயோவில் குடித்துவிட்டு சாவியோடு ஓட்டுநர் இருக்கையில் இருந்தாலே அது தனிக் குற்றம். வண்டி நகர்ந்திருக்கவே வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்குப் போன் செய்து "அக்கா, நான் ஓட்டலக்கா, தூங்கத்தான் செஞ்சேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில், அவன் யாரையோ இடித்துவிட்டான் என்று வந்துவிட்டது. அடுத்த வாரம் அடிபட்ட ஆள் ஐ.சி.யு.வில் இருந்தார். அதற்கடுத்த வாரம் எங்கள் சித்தி கரூரிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து "உன் பையன் ஆளையே கொன்னுட்டானாமே" என்று கேட்டார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. கார் நிறுத்திய இடத்திலிருந்து ஓர் அடிகூட நகரவில்லை என்பதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் தெரியுமா? சொன்னால், "சரி சரி, விடும்மா" என்பார்கள். அந்தச் 'சரி'யில் நம்பிக்கை இருக்காது.

அப்புறம் விசா. நீங்களும் மாணவர் விசாவில் வந்தவர் என்றே நினைக்கிறேன், அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். 2015 முதல், குடித்து ஓட்டியதாகவோ அதைப் போன்ற வழக்கிலோ கைதானாலே விசாவை ரத்து செய்யலாம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். விசா ரத்து என்று தம்பிக்கு மின்னஞ்சல் வந்தது. படிப்பைத் தொடரலாம், ஆனால் நாட்டைவிட்டு வெளியே போனால், தூதரகம் சொல்லும் மருத்துவரிடம் பரிசோதனை முடித்து, புது விசா வாங்கினால்தான் திரும்ப முடியும். அந்த மே மாதம் திருக்கடையூரில் அப்பாவின் அறுபதாம் கல்யாணம். நான் போனேன், அவன் வரவில்லை. கலசத் தண்ணீரை ஊற்றும்போது அப்பா என் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வீடியோவில் அவன் இருந்ததால்.

குடிகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று யாராவது சொல்லக்கூடும். இல்லை. 2023 ஜனவரி 15 அதிகாலை, ஜார்ஜியா மாநிலம் ஏதென்ஸில், தேசியப் பட்டம் வென்ற கொண்டாட்டம் முடிந்த சில மணி நேரத்தில் நடந்த விபத்தில் 20 வயது ஃபுட்பால் வீரர் ஒருவரும், காரை ஓட்டிய அணியின் ஊழியரும் இறந்துபோனார்கள். ஓட்டியவருக்கு 0.197. வேகம் மணிக்கு நூறு மைலுக்கு மேல். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தம்பி அன்று ஓட்டாமல் தூங்கினானே என்று நான் இன்றும் கும்பிடுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்ப்பது ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில். மாதாமாதம் பார்க்கிங்குக்குக் காசு கட்டுகிறேன். ஃபுட்பால் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில், பார்க்க வருகிறவர்களுக்காக எங்கள் காரையெல்லாம் முதல் நாள் இரவே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆய்வகத்தில் நாங்கள் வளர்க்கும் உயிர்ச் செல்களுக்கு சனிக்கிழமை என்று தெரியுமா? நவம்பர் குளிரில் ஒன்றரை மைல் நடந்து போய் அவை வளரும் ஊட்டத் திரவமான மீடியத்தை மாற்றியிருக்கிறேன். நான் காசு கட்டிய அதே இடத்தில் ஆட்டம் பார்க்க வந்தவர்கள் காலை எட்டு மணிக்கே பீர் கேனைத் திறக்கிறார்கள். சாயங்காலம் அவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கார்களைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள், போலீஸ் கைகாட்டி வழியனுப்புகிறது. இதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பையன் மேல் வழக்கு இருக்கிறதா என்று பல இடங்களில் உள்ளூர் நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே பெயர் போட்டுப் பார்க்கலாம். இருந்தால் என்ன பிரிவு, என்ன அளவு என்று அதில் பாருங்கள். இல்லையென்றால் உங்களிடம் இதைச் சொன்னவரிடம் திரும்பிப் போய், இல்லை என்று சொல்லுங்கள். தயவுசெய்து சொல்லுங்கள். என் தம்பி விஷயத்தில் அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. அவன் வழக்கு அபராதத்தோடும் மூன்று நாள் வகுப்போடும் அந்த வருடமே முடிந்துவிட்டது. போன தையில் கரூரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அந்த ஆக்சிடென்ட் கேஸ் என்னாச்சு?"