டெல்ஃபி போகிறீர்களா? கேள்விகளும் பதில்களும்

கிரேக்கப் பயணம் என்றால் ஏதென்ஸ், சாண்டோரினி என்று நிறுத்திக்கொள்ளாமல் பண்டைய கிரேக்கர்கள் குறி கேட்கப் போன கோயில் இருந்த டெல்ஃபியைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். மகிழ்ச்சி. எல்லோருக்கும் உதவக்கூடிய சில கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஏதென்ஸில் மொத்தமே நான்கு நாள்தான். டெல்ஃபிக்குக் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாமா?

பதில்: திரும்பிவிடலாம். சுமார் 180 கி.மீ. தூரம், பேருந்தில் மூன்று மணி நேரம். ஏதென்ஸில் வெளியூர்ப் பேருந்து நிலையங்கள் இரண்டு உண்டு. டெல்ஃபி பஸ் லியோசியோன் நிலையத்திலிருந்து கிளம்புகிறது. கிஃபிசோஸ் நிலையத்துக்குப் போய் நின்று பஸ்ஸைத் தவறவிடுகிறவர்கள் உண்டு, டாக்சி ஓட்டுநரிடம் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், ஓர் இரவு அங்கே தங்குங்கள். ஏதென்ஸிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் முற்பகலில் வந்து கூட்டத்தை இறக்குகின்றன. ஊரிலேயே தங்கியிருந்தால் தொல்லியல் களத்தின் வாசல் திறந்ததும் உள்ளே போய்விடலாம், நடந்து போகும் தூரம்தான். அந்த நேரத்தில் வெயிலும் இருக்காது, வழிகாட்டிகளின் கூச்சலும் இருக்காது. அறை எடுக்கும்போது பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனி கேளுங்கள். கீழே இட்டேயா துறைமுகம் வரைக்கும் ஒலிவ மரங்கள்தான். அந்தக் காட்சிக்காகக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுப்பதில் தப்பே இல்லை.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை, இல்லாவிட்டால் செப்டம்பர் பாதிக்கு மேல் அக்டோபர் வரை. ஜூலை, ஆகஸ்டில் சமீப ஆண்டுகளாக வெப்ப அலை கடுமை. ஏதென்ஸில் அக்ரோபோலிஸையே நண்பகல் நேரத்தில் மூடிய நாட்கள் உண்டு. குளிர்காலத்தில் தொல்லியல் களம் பிற்பகலிலேயே மூடிவிடும். பக்கத்து ஊரான அரக்கோவா பனிச்சறுக்குக்காரர்களால் நிரம்பி, வார இறுதியில் விலையும் ஏறிவிடும்.

இன்னொன்று, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் நம் காலண்டரில் இருக்கும் ஈஸ்டரோடு எல்லா ஆண்டும் ஒத்துப்போகாது. 2027-இல் அது மே 2. ஈஸ்டர் ஞாயிறன்று களமும் அருங்காட்சியகமும் மூடியிருக்கும். ஜனவரி 1, மார்ச் 25, மே 1, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களும் அப்படியே.

கேள்வி: பித்தியா என்ற பூசாரிப் பெண் நிலத்திலிருந்து வந்த புகையை முகர்ந்து குறி சொன்னாள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அரசர்கள் போருக்குப் போகுமுன்பும், நகரங்கள் புதுக் குடியேற்றம் அமைக்குமுன்பும் இங்கே வந்து அப்பல்லோ என்ற கிரேக்கக் கடவுளிடம் குறி கேட்டார்கள். லிடியா நாட்டு மன்னன் குரோசஸ் பாரசீகத்தின்மேல் படையெடுக்கலாமா என்று கேட்க, படையெடுத்தால் ஒரு பெரிய பேரரசு அழியும் என்று பதில் வந்ததாம். அழிந்தது அவனுடைய பேரரசு. பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை இது. நம் ஊர்க் குறிகாரர்களுக்கும் இந்த வித்தை தெரியும்.

சரி, புகைக்கு வருவோம். இந்தக் கோயிலிலேயே பூசாரியாக இருந்த பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க், கோயிலுக்குள் சில நேரம் இனிய மணம் பரவும் என்று எழுதியிருக்கிறார். 1892-இல் பிரெஞ்சுக்காரர்கள் பெரிய அளவில் அகழாய்வு தொடங்கினார்கள். அதற்காக அங்கே இருந்த கஸ்திரி கிராமத்தையே வேறிடத்துக்கு மாற்றினார்கள். கோயிலுக்கு அடியில் பெரிய பிளவு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் புகைக் கதையைப் பல காலம் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டார்கள். பிறகு நிலவியல் அறிஞர் டி போயரும் தொல்லியலாளர் ஜான் ஹேலும் அங்கே ஆராய்ந்து, இரண்டு நிலப்பிளவுகள் கோயில் பகுதியில் குறுக்கிடுகின்றன என்றும், ஊற்று நீரில் எத்திலீன் வாயுவின் தடயம் உண்டு என்றும் 2001-இல் வெளியிட்டார்கள். எத்திலீனுக்கு இனிய மணம் உண்டு, மயக்கமும் தரும். ஆனால் மயக்கம் வரவழைக்கும் அளவுக்கு எத்திலீன் அங்கே இருந்திருக்காது என்று மறுக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. உங்கள் வழிகாட்டி இதை முடிந்த முடிவாகச் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எல்லாம் இடிந்த கல்லாகத்தான் இருக்கும் என்கிறார் கணவர். குறிப்பாக எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. அப்பல்லோ கோயிலில் இன்று நிமிர்ந்து நிற்பவை ஆறே தூண்கள், அவையும் இருபதாம் நூற்றாண்டில் தூக்கி நிறுத்தப்பட்டவை. கி.மு. 373-இல் நிலநடுக்கத்தில் முந்தைய கோயில் அழிந்தபின் கட்டிய கோயில் அது. அதனால் கதை தெரியாமல் போனால் சலிப்புதான் மிஞ்சும்.

மேலே ஏறும் புனிதப் பாதை முழுக்க கிரேக்க நகரங்கள் தங்கள் வெற்றியைப் பறைசாற்றக் கட்டிய கருவூலங்களும் (காணிக்கை வைக்கும் சிறு கட்டடங்கள்) நினைவுச் சின்னங்களும்தான். பக்தியைவிடப் போட்டி அதிகம். ஏதென்ஸ் நகரத்தின் கருவூலம் மட்டும் 1903 முதல் 1906 வரை மீட்டுக் கட்டப்பட்டு முழு உருவில் நிற்கிறது. பாரசீகரை பிளாட்டேயாவில் கி.மு. 479-இல் வென்றதற்காக நிறுத்திய வெண்கலப் பாம்புத் தூணின் நகலையும் பார்ப்பீர்கள். அசலை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கொண்டுபோய்விட்டார், மிச்சம் இஸ்தான்புல்லில் இருக்கிறது.

ஆனால் என் ஓட்டு கோயிலுக்குக் கீழே உள்ள பலகோணக் கல் சுவருக்கு. கற்கள் வளைந்து வளைந்து ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கும். கூட்டம் அதைச் சும்மா கடந்துபோகும். கிட்டப்போய்ப் பாருங்கள், மேற்பரப்பு முழுக்கப் பொடி எழுத்து. பெரும்பாலானவை அடிமைகளை விடுதலை செய்த பத்திரங்கள். அடிமையை அப்பல்லோவுக்கு 'விற்றதாக' எழுதுவார்கள், சாட்சிகளின் பெயரும் விலையும் இருக்கும். பணம் பெரும்பாலும் அடிமை சேர்த்துவைத்தது. கடவுளுக்குச் சொந்தமான ஆளை இனி யாரும் உரிமை கொண்டாட முடியாது அல்லவா? விடுதலை பெற்றும் பழைய எஜமான் சாகும்வரை அவரிடமே வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டவையும் அவற்றில் உண்டு. அரசர்கள் கேட்ட குறியைவிட இந்தச் சுவர்தான் என்னை அதிக நேரம் நிறுத்திவைக்கும்.

அப்புறம் அருங்காட்சியகம். தேரோட்டி என்ற வெண்கலச் சிலையைத் தவறவிடக் கூடாது. ஆள் உயரம், பதித்த கண்கள், கண்ணிமை முடிகூட இருக்கிறது. காலைக் குனிந்து பாருங்கள், நரம்பு தெரியும். கோயிலை அழித்த அதே நிலநடுக்கம்தான் இதை மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றியது என்று கருதுகிறார்கள். மண்ணுக்கு மேலே நின்றிருந்தால் மற்ற வெண்கலச் சிலைகளைப்போல உருக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது வயது, முட்டிவலி. ஏற முடியுமா?

பதில்: கோயில் வரை மெதுவாக ஏறலாம். அதற்குமேல் அரங்கு, அதற்கும் மேலே விளையாட்டுத் திடல். அவற்றுக்கு வற்புறுத்த வேண்டாம். தேய்ந்த சலவைக்கல் வழுக்கும், ரப்பர் அடிப்பாகமுள்ள காலணி கட்டாயம். ஏறவே முடியாவிட்டாலும் அருங்காட்சியகம் சமதளம்தான். சாலையின் கீழ்ப்புறம் இருக்கும் அதீனா புரோனையா வளாகத்தின் வட்டக் கோயிலை மேலேயிருந்தே பார்க்கலாம். நிற்பது மூன்று தூண்கள்தான், ஆனால் டெல்ஃபியின் அதிகம் படமெடுக்கப்பட்ட இடம் அது.

கேள்வி: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: கவலை வேண்டாம். கிகாண்டெஸ் என்ற பெரிய மொச்சை, ஃபாவா என்ற பருப்பு மசியல், ஹோர்த்தா என்ற வேகவைத்த கீரை எங்கும் கிடைக்கும். அரக்கோவாவின் ஃபோர்மாயெலா பாலாடைக்கட்டியை வறுத்துத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். பாலாடைக்கட்டியில் விலங்கு ரென்னட், அதாவது கன்று, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பால் உறையூட்டி, சேர்வது வழக்கம், கறாரான சைவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். கெமிஸ்தா, அதாவது சோறு அடைத்த தக்காளியும் குடைமிளகாயும், இறைச்சியோடும் செய்வதுண்டு. முட்டையும் வேண்டாமென்றால் எலுமிச்சைச் சாறு ஊற்றிய சூப்பை விசாரித்தபின் குடியுங்கள். 'நிஸ்திசிமோ' என்று கேட்டால் நோன்புச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். அதில் இறைச்சி, பால், முட்டை இருக்காது, ஆனால் இறால், கணவாய் இருக்கலாம்!

கேள்வி: இந்தியப் பாஸ்போர்ட். இத்தாலியும் சேர்த்துப் போகிறோம். விசா எந்த நாட்டில் எடுப்பது?

பதில்: இரண்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பியுங்கள். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். சந்திப்பு நேரம் கிடைப்பதுதான் கஷ்டம், அதை முதலில் பிடியுங்கள்.

கேள்வி: டெல்ஃபி, ஒலிம்பியா இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம். எது?

பதில்: டெல்ஃபி. பண்டைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியா சமதளம், நிழல் அதிகம், முட்டிவலிக்காரர்களுக்கு உகந்தது. ஆனால் ஏதென்ஸிலிருந்து ஏறக்குறைய இரு மடங்கு தூரம். கார் எடுப்பதாக இருந்தால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். டெல்ஃபியிலிருந்து திரும்பும் வழியில் ஓசியோஸ் லூக்காஸ் மடாலயத்துக்குத் திரும்பிவிடுங்கள், பதினோராம் நூற்றாண்டு மொசைக் ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும்.