சால்டரிங் அயர்னை வைத்து நகை: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

கண்ணாடித் துண்டு, கூழாங்கல், உடைந்த பீங்கான் என்று கையில் கிடைப்பதைச் சுற்றிச் செப்பு டேப் ஒட்டி, அதன்மேல் சால்டரிங் அயர்னால் (ஈயத்தை உருக்கும் மின்சாரக் கோல்) ஈயம் ஓட்டி டாலர் செய்வதுதான் என் வேலை. 11 வருடமாகச் செய்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ரேடியோ ரிப்பேருக்கு வாங்கிய 25 வாட் அயர்ன் வீட்டில் இருக்கிறது. அதுவே போதுமா?

சின்ன வளையம் ஒன்றை ஒட்டுவதற்குப் போதும். டாலரின் விளிம்பு முழுக்க ஓட்டுவதற்குப் போதாது. செம்பு சூட்டை மளமளவென்று உறிஞ்சிவிடும். சின்ன அயர்ன் பாதி வழியிலேயே ஆறிப்போய், ஈயம் களி மாதிரி இழுபடும். 60 முதல் 100 வாட் வரை, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு இருந்தால் நல்லது. முனை உளி மாதிரி தட்டையாக இருக்கட்டும். ஊசி முனை இந்த வேலைக்கு உதவாது.

கடையில் 60/40, 63/37, லெட் ஃப்ரீ என்று என்னென்னவோ சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பேச்சில் எல்லாவற்றையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் வெள்ளீயம் (டின்) வேறு, காரீயம் (லெட்) வேறு. 60/40 என்றால் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். இது 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 190 வாக்கில் முழுதாக உருகும். 63/37 இடையில் குழையாமல் 183-லேயே சட்டென்று உருகி, சட்டென்று இறுகும். இரண்டுமே கைக்கு இணக்கமானவை, பழகவும் சுலபம்.

ஆனாலும் நகைக்கு இரண்டும் வேண்டாம் என்பேன். காரீயம் நஞ்சு. டாலர் கழுத்தில் தேயும், குழந்தை எடுத்து வாயில் வைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நகையின் எந்தப் பகுதியிலும் காரீயம் எடையில் 0.05 சதவீதத்தைத் தொட்டாலே விற்க முடியாது. காரீயமே இல்லாததுதான் லெட் ஃப்ரீ. அதில் வெள்ளீயத்தோடு கொஞ்சம் செம்பு சேர்ந்தது 227 டிகிரியிலும், வெள்ளி சேர்ந்தது 221 டிகிரியிலும் உருகும். வெள்ளி சேர்ந்ததற்கு விலை அதிகம், பளபளப்பும் அதிகம். முதல் நாளிலிருந்தே இந்த இரண்டில் ஒன்றில் பழகிவிடுங்கள். காரீயம் தொட்ட முனையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. முத்து முத்தாக உருண்டு மேஜையில் விழுகிறது. அயர்ன் கெட்டுப்போய்விட்டதா?

இதே கேள்வியை ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். அயர்ன் மேல் பழி போடுவதற்கு முன் மற்றதைப் பார்ப்போம்.

முதலில் அழுக்கு. செம்பு பார்ப்பதற்குப் பளிச்சென்று இருந்தாலும், விரல் பட்ட எண்ணெய்ப் பசையும் காற்று பட்டு உண்டான ஆக்சைடு படலமும் அதன்மேல் இருக்கும். அந்தப் படலத்தின்மேல் ஈயம் ஒட்டாது. மெல்லிய ஸ்டீல் உல்லால் தேயுங்கள், பிறகு விரலால் தொடாதீர்கள். அப்புறம் ஃப்ளக்ஸ். மிச்சமிருக்கும் ஆக்சைடை அரித்து எடுப்பதும், சூட்டில் புதிதாக உண்டாகாமல் காப்பதும்தான் அதன் வேலை. ஒட்ட வேண்டிய இடம் முழுக்கத் தடவ வேண்டும், அதே இடத்துக்குத் திரும்பப் போனால் திரும்பவும் தடவ வேண்டும்.

மூன்றாவதுதான் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம். முனையில் ஈயத்தை உருக்கி எடுத்துவந்து, ஆறிக் கிடக்கும் செம்பின்மேல் சொட்டு விடுகிறீர்கள். அது உருண்டு விழாமல் என்ன செய்யும்? சூடு முதலில் போக வேண்டியது செம்புக்கு. முனையைச் செம்பில் படியவைத்து ஓரிரு நொடி பொறுத்து, அதன் பக்கத்தில் ஈயக் கம்பியைக் காட்டுங்கள். செம்பே ஈயத்தை உருக்கி இழுத்துக்கொள்ளும். தண்ணீர் துணியில் பரவுகிற மாதிரி பரவினால் சரியாகச் செய்கிறீர்கள்.

இதெல்லாம் செய்தும் ஒட்டவில்லையென்றால், நீங்கள் ஒட்டப் பார்க்கும் நகைக் கம்பியைச் சந்தேகப்படுங்கள். கைவினைக்கு விற்கும் நிறக் கம்பிகளில் பலவற்றின்மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், சுரண்ட வேண்டும். அலுமினியக் கம்பியாக இருந்தால் விட்டுவிடுங்கள், சாதாரண ஃப்ளக்ஸுக்கு அது மசியாது.

முனை கறுத்திருந்தாலும் சூடு இறங்காது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற அதே கதைதான்: சூடான முனையை நவச்சாரக் கட்டியில் தேய்த்து, உடனே ஈயம் தொட்டுப் பூசுங்கள். புகை குப்பென்று வரும், முகத்தை நீட்டாதீர்கள். வேலை முடிந்து அணைக்கும்போதும் முனையில் ஈயப் பூச்சு இருக்கட்டும்.

விளிம்பு மேடும் பள்ளமுமாக வருகிறது, நடுநடுவே முள் மாதிரி நிற்கிறது.

முள் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஃப்ளக்ஸ் எரிந்து தீர்ந்துபோனதுதான். இன்னும் கொஞ்சம் தடவி மறுபடி உருக்குங்கள். மேடுபள்ளத்துக்கு: ஓட்டும் பக்கம் தரைக்குச் சமமாக இருக்கும்படி டாலரைப் பிடியுங்கள். உருகிய ஈயம் சரிவில் ஓடும், அவ்வளவுதான். ஒரே இடத்தில் பல தடவை சூடு காட்டினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும், ஆறவிட்டு வாருங்கள்.

மேடம், என் வெள்ளி மோதிரம் விட்டுப்போய்விட்டது. இதே ஈயத்தால் ஒட்டிக்கொள்ளலாமா?

தயவுசெய்து வேண்டாம். நானே செய்து பட்டிருக்கிறேன். கற்றுக்கொண்ட புதிதில் ஒரு வெள்ளி மோதிரத்தை ஈயத்தால் ஒட்டினேன். இரண்டே மாதத்தில் விட்டது. பட்டறைக்கு எடுத்துப் போனபோது ஈயம் வைத்ததைச் சொல்லவில்லை, வெட்கம். பட்டறைக்காரர் தீ ஊதியதும் ஒட்டிய இடத்தில் வெள்ளி அரித்துக் குழி குழியாகிவிட்டது. "ஈயம் தொட்டதா இது?" என்று மட்டும் கேட்டார். அந்தச் சூட்டில் ஈயம் வெள்ளியோடு கலந்து அதைத் தின்றுவிடும். வெள்ளியை ஒட்டும் பொடி 600 டிகிரிக்கு மேல் உருகுவது, அதற்கு வெண்காரமும் தீயும் வேண்டும். (பேச்சில் 'பொடி வைத்து ஊதுவது' என்கிறோமே, அந்தப் பொடிதான்.) அது தனி வித்தை. மோதிரம் மாதிரி இழுபடும் பொருளுக்கு ஈயம் தாங்காது.

முத்து வைத்துச் செய்யலாமா?

சூடு படும் இடத்தில் கூடாது. எல்லா ஒட்டு வேலையும் முடிந்து கழுவிய பிறகு கோத்துக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தை இருக்கிற வீடு. அந்தப் புகையில் காரீயம் இருக்குமா?

இந்தச் சூட்டில் காரீயம் ஆவியாவது மிகக் குறைவு. நீங்கள் பார்க்கும் புகை ஃப்ளக்ஸ் எரிவது. அதுவும் நல்லதல்ல, சில ஃப்ளக்ஸில் இருக்கும் ரோசின் என்கிற மரப்பிசினின் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும். காரீயம் உள்ளே போவது பெரும்பாலும் கை வழியாக: ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடுவது, அதே கையால் பிள்ளையைத் தூக்குவது. சமையலறையில் செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்து, புகையை வெளியே தள்ளும்படி சின்ன ஃபேன் வையுங்கள். சோப்பால் கை கழுவாமல் எழுந்திருக்காதீர்கள்.

செய்து மூன்று வாரத்தில் ஓரமெல்லாம் பச்சை பூத்துவிட்டது.

ஃப்ளக்ஸைச் சரியாகக் கழுவவில்லை. துத்தநாகக் குளோரைடு உள்ள ஃப்ளக்ஸ் ஒரு துளி மிஞ்சினாலும் அரித்துக்கொண்டே இருக்கும். அன்றைக்கு ஒட்டியதை அன்றைக்கே வெதுவெதுப்பான சோப்பு நீரில், கொஞ்சம் சமையல் சோடா சேர்த்து, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். ரோசின் பிசுக்கு தண்ணீருக்குப் போகாது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகு பூசினால் பளபளப்பும் கொஞ்ச நாள் நிற்கும்.

டாலர் அழகாக வந்தது, ஆனால் மேல் வளையம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

வளையத்தை ஒரு புள்ளியில் மட்டும் ஒட்டியிருப்பீர்கள். ஈயம் மெத்தென்ற உலோகம், பரப்பு இருந்தால்தான் பிடி இருக்கும். வளையத்தின் அடியைக் கொஞ்சம் தட்டையாக்கி, வளையத்துக்கும் டாலருக்கும் தனித்தனியே ஈயம் பூசிவிட்டு, இடுக்கியால் பிடித்துச் சேர்த்துச் சூடு காட்டுங்கள். வளையத்தின் வாய் ஈயத்துக்குள் புதையட்டும். ஈயம் முழுக்க இறுகும் வரை கை ஆடக்கூடாது. டேப்பின் இரண்டு முனையும் சேரும் இடம் உச்சியில் வரவேண்டாம், பக்கவாட்டில் வரும்படி முதலிலேயே சுற்றிவிடுங்கள்.